தலைவன் இல்லாத வணிகக் கூட்டணி

தலைவன் இல்லாத சங்கம் நிலைக்குமா? வட ஐரோப்பாவின் ஹன்சா வணிக நகரங்களின் வரலாறு இதற்குப் பதில் சொல்கிறது. அக்கூட்டணிக்கு மன்னரும் இல்லை, நிரந்தரப் படையும் இல்லை. 1356 முதல் நகரப் பேராளர்கள் பெரும்பாலும் லூபெக்கில் கூடி முடிவெடுத்தனர். நிறைவேற்றுவது அந்தந்த நகர மன்றத்தின் பொறுப்பு. இப்படியே டென்மார்க் மன்னர் நான்காம் வால்டமாரை வென்று, 1370-ல் ஸ்ட்ரால்சுண்ட் உடன்படிக்கை கண்டனர்.

கட்டுப்பாட்டை மீறிய நகரத்துக்குத் தண்டனை, வாணிபத்திலிருந்து விலக்கி வைப்பது. 1471-ல் விலக்கப்பட்ட கொலோன், 1476-ல் திரும்பி வந்தது.

பின்னர் வலிய அரசுகள் எழுந்தன. டச்சு வணிகர் போட்டிக்கு வந்தனர். நகரங்கள் தத்தம் லாபத்தையே பார்த்தன. 1669-ல் கடைசி மாநாடு நடந்தது.

ஆகவே அன்பர்களே, தலைவர் இல்லாமலும் சங்கம் நிற்கும். பொதுநலன் இல்லாமல் நிற்காது.