பிடி எங்கே போனது?

மழை வலுத்தால் மணலி புதுநகரில் எல்லோரும் கவலையோடு விசாரிக்கும் கொசஸ்தலை ஆறு, தொல்லியல்காரர்களுக்கு வேறொரு காரணத்தால் முக்கியம். எண்ணூரில் கடல் சேருமுன் அது கடந்துவரும் திருவள்ளூர் மாவட்டத்துப் படுகையில்தான் அதிராம்பாக்கம் இருக்கிறது. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் அங்கே கற்கோடரிகளைக் கண்டெடுத்தார்கள். அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்கு ஏறக்குறைய 15 லட்சம் வயது என்று 2011-ல் சாந்தி பப்பு குழுவினர் அறிவித்தார்கள்.

கோடரி என்றதும் காம்பைத் தேடாதீர்கள். இவை உள்ளங்கையில் அடக்கிப் பிடித்தவை. பிள்ளைகளோடு பூண்டி அருங்காட்சியகத்துக்குப் போனால் இத்தகைய கருவிகளைப் பார்க்கலாம்.

பிடி வந்தது வெகுகாலம் கழித்து. தூத்துக்குடிப் பக்கத்துத் தேரி மணலில் கிடைக்கும் நுண்கற்கருவிகளில் பல விரல்நகம் அளவுதான். மரத்திலோ எலும்பிலோ பதிக்காமல் அவற்றை வைத்து என்ன செய்வது? ஆனால் பதித்த மரத்தைக் கறையானும் ஈரமும் தின்றுவிட்டன. 1991-ல் ஆல்ப்ஸ் மலையில் கிடைத்த உடலருகே 5,300 ஆண்டுப் பழைய செம்புக்கோடரி காம்போடு முழுசாக இருந்தது. அது பனியின் புண்ணியம்.

இரும்புக்கும் இதே கதைதான். ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் தோண்டியெடுத்த இரும்புக் கருவிகள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. பொதுவாக இத்தகைய கருவிகளில் மரத்துக்குச் சாட்சி துருதான். பிடிக்குள் இருந்த இரும்பின் துரு மரத்தில் ஊறி, சிலவேளை அதன் இழைகளின் அச்சை நிறுத்திவைக்கும். இரும்புக் காலம் என்று பெயர் வைத்தோம். பாதிக் கருவி மரம் என்பதை மறந்தோம்.

பழைய வழக்கத்தில் இரும்பு நிற்கும், பிடி மாறும். அரிவாளின் பின்முனையைப் பழுக்கக் காய்ச்சிக் கருவேலங்கட்டையில் இறக்குவார்கள்; கட்டை பிளக்காமலிருக்க வாயில் பூண். கோடாலிக்கும் சுத்தியலுக்கும் காம்பு ஆடினால் ஆப்பு. தண்ணீரில் ஊறப்போட்டு இறுக்குகிறோமே, அது ஒருநாள் வைத்தியம். காய்ந்ததும் முன்னைவிட ஆடும், தலை கழன்று யார்மேலாவது விழும். வீட்டில் பிடிபோன நல்ல கத்தி இருந்தால் பழைய இரும்புக்குப் போடாமல் தச்சரிடம் கொடுங்கள்.

இப்போது கடையில் வாங்கும் மலிவுக் கத்தியில் பிளாஸ்டிக் பிடியை அலகோடு சேர்த்தே வார்த்துவிடுகிறார்கள். பிடி உடைந்தால் கத்தியே குப்பைக்கு. பல நூற்றாண்டு கழித்து யாராவது கொடுங்கையூர்க் குப்பைமேட்டைத் தோண்டினால் அதிராம்பாக்கத்துக்கு நேர்மாறாகக் கிடைக்கலாம்: அலகில்லாத பிடிகள், ஆயிரக்கணக்கில்.