திரவமானியின் வரலாறு

எந்த ஊரில் குடியேறினாலும், பாலில் நீர் கலந்துள்ளதோ என்னும் ஐயம் நம்மை விடுவதில்லை. அதைத் தெளிவிக்கும் பால்மானி, திரவமானி என்னும் தொன்மையான குலத்தைச் சேர்ந்தது. அடர்ந்த திரவத்தில் உயர்ந்தும், இலேசானதில் தாழ்ந்தும் மிதப்பது அதன் இயல்பு.

சுமார் கி.பி. 400-ல், வட ஆப்பிரிக்காவின் சைரீன் நகரத்துச் சினேசியஸ், அலெக்ஸாண்டிரியாவிலிருந்த தம் ஆசிரியை ஹைப்பேஷியாவுக்குக் கடிதம் வரைந்தார். குழல் வடிவில், அளவுக்கோடுகள் செதுக்கிய திரவமானி ஒன்றைச் செய்வித்தனுப்ப வேண்டினார். 1816-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சைக்ஸ் என்பாரின் திரவமானியைச் சாராய வரிக்குரிய சட்டபூர்வக் கருவியாக்கியது. கோடு பிழைத்தால் வரியும் பிழைக்கும் நிலை உண்டாயிற்று.

இன்று மேலைநாடுகளில் வீட்டில் பீர் வடிப்போர் சிலர், மின்னணுத் திரவமானியைத் தாமே அமைக்கின்றனர். மூடிய பிளாஸ்டிக் குழலுள் மின்கலமும், சாய்வை உணரும் சில்லும், கம்பியில்லாமல் செய்தி அனுப்பும் சிறு பலகையும் அடங்கும். இனிப்பு மிகுந்த சாற்றில் குழல் சாய்ந்து மிதக்கும். ஈஸ்ட் சர்க்கரையை மதுசாரமாக்க, ஒப்படர்த்தி 1.050-லிருந்து 1.010 அளவுக்கு இறங்க, குழல் மெல்ல நிமிரும். கலத்தைத் திறந்து மாசு புகவிட வேண்டுவதில்லை.

ஆயினும், தூய நீரிலும் அளவறிந்த சர்க்கரைக் கரைசல்களிலும் முதலில் மிதக்கவிட்டு, சாய்வுக்கேற்ற எண்ணைக் குறித்தாக வேண்டும். அன்று கோடு செதுக்கிய கைக்கிருந்த பொறுப்பு இதுவே. கருவி மாறினும் அப்பொறுப்பு மாறவில்லை என்று காண்கிறோம்.