உப்போடு வரும் காய்கறி: நீலசந்திராவின் வளரிளம் பருவத்தினரும் இரத்த அழுத்தமும்

பழமும் காய்கறியும் நிறைய உண்ணும் வளரிளம் பருவத்தினருக்கு இரத்த அழுத்தம் குறைவாக இருக்கிறதா? இக்கேள்வியோடு நடந்த ஆய்வுகள் ஒன்றுபட்ட விடையைத் தரவில்லை. அதனால் உறவே இல்லை என்று முடிவு கட்டுவோர் அவசரப்படுகிறார்கள் என்பது என் கருத்து. காய்கறியை வாரத்தில் எத்தனை முறை சாப்பிட்டாய் என்று கேட்கும் வினாப்படிவம், அது எப்படிச் சமைக்கப்பட்டது, எவ்வளவு உப்போடு தட்டுக்கு வந்தது என்று பெரும்பாலும் கேட்பதில்லை. பெங்களூரின் நீலசந்திராவில் இந்தக் குறையைக் கண்ணால் பார்க்கலாம்.

முதலில் சான்றுகள். அமெரிக்காவில் 459 பெரியவர்களிடம் நடத்தி 1997இல் வெளியிடப்பட்ட ‘டாஷ்’ உணவுமுறைச் சோதனையில் எல்லாக் குழுவினருக்கும் உப்பின் அளவு ஏறக்குறைய ஒன்றே. அப்படியிருந்தும், பழமும் காய்கறியும் கூடுதலாகப் பெற்றவர்களின் சிஸ்டாலிக் அழுத்தம் வழக்கமான உணவு உண்டவர்களைவிட 2.8 மி.மீ. அதிகமாக இறங்கியது. இளையோரிடம் சான்று மெலிந்ததுதான், திசை மாறவில்லை. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாமில் மழலைப் பருவத்திலிருந்து எட்டு ஆண்டுகள் தொடரப்பட்ட 95 குழந்தைகளில், பழமும் காய்கறியும் அதிகம் உண்டவர்களுக்கு அழுத்தம் ஆண்டுதோறும் ஏறிய அளவு குறைவு. 2,185 சிறுமிகளைப் பத்து ஆண்டுகள் வரை தொடர்ந்து 2015இல் வெளியான மற்றோர் ஆய்வில், பொட்டாசியம் மிகுந்த உணவு உண்டவர்களுக்கு வளரிளம் பருவ முடிவில் அழுத்தம் குறைந்திருந்தது. அதே ஆய்வில் சோடியத்தின் கேடு தென்படவில்லை. இதை வைத்து உப்பை விடுவித்துவிட முடியாது. உணவுக் குறிப்பேட்டில் எழுதித்தரும் உப்புக் கணக்கு என்றைக்கும் அரைகுறையானது.

பழமும் காய்கறியும் அழுத்தத்தைக் குறைக்கும் வழியும் விளங்குகிறது. பொட்டாசியம் கூடும்போது சிறுநீரகம் சோடியத்தை அதிகமாக வெளியேற்றுகிறது. கீரையிலுள்ள நைட்ரேட்டை வாயிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாக்க, அது உடலில் நைட்ரிக் ஆக்சைடாகி இரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது.

இனி நீலசந்திராவின் கடைத்தெருவுக்கு வருவோம். மாலையில் டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகள் மொய்ப்பது கோபி மஞ்சூரி வண்டியைத்தான். காலிஃபிளவரை மாவில் முக்கிப் பொரித்து, வாணலியில் சோயா சாஸும் உப்பும் அஜினமோட்டோவும் சேர்த்துப் புரட்டுகிறார்கள். ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் மட்டும் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் உண்டு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர் ஒருவருக்கு நாள் முழுதுக்கும் வைத்த வரம்பே 2,000 மில்லிகிராம். 2024 மார்ச்சில் கர்நாடக அரசு இந்தப் பண்டத்தில் செயற்கை நிறங்களைத் தடை செய்தது. அந்த ஆணை உப்பைப் பற்றியதல்ல. பக்கத்து வண்டியில் கீறிய கொய்யாவுக்கும் மாங்காய்க்கும் உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தருகிறார்கள். வினாப்படிவத்தில் இவையெல்லாம் ‘காய்கறி ஒரு முறை, பழம் ஒரு முறை’ என்று ஏறிவிடும். வீட்டில் புளிக்குழம்போடும் ஊறுகாயோடும் வரும் காய்க்கும் இதே கணக்குத்தான். கீரை வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டினால் பொட்டாசியத்தில் ஒரு பகுதியும் போய்விடும்.

பிள்ளைகள் பழமும் காய்கறியும் குறைவாக உண்பதற்கு ‘விழிப்புணர்வு இல்லை’ என்ற விளக்கத்தை நான் ஏற்கவில்லை. பெங்களூரின் செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிலையமும் பங்கேற்ற ‘ப்யூர்’ பன்னாட்டு ஆய்வு 2016இல் ஒரு கணக்கை வெளியிட்டது. இந்தியா உள்ளிட்ட குறைந்த வருவாய் நாடுகளில், ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு பங்கு பழமும் மூன்று பங்கு காய்கறியும் வாங்கக் குடும்ப வருமானத்தில் 52 விழுக்காடு தேவை. வாடகையும் பள்ளிக் கட்டணமும் போக மிஞ்சும் காசில் வெங்காயம், தக்காளி, உருளைக்கிழங்கு முதலில் வரும். பழம், யாருக்காவது காய்ச்சல் வந்தால் வரும்.

இந்தக் குறையைப் பள்ளியும் நிரப்பவில்லை. பள்ளி மதிய உணவுத் திட்டத்தில் 6 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைக்கு ஒதுக்கப்பட்ட காய்கறி 75 கிராம். உலக சுகாதார நிறுவனம் பழமும் காய்கறியுமாகச் சொல்வது நாளுக்கு 400 கிராம். கர்நாடகத்தில் முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்கிறார்கள். வாழைப்பழத்தை மாற்றாக வைக்காமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டும். 100 கிராம் பழத்தில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் பொட்டாசியம் கிடைக்கும். உப்புச் சேர்க்க வேண்டிய தேவையே இல்லை.

இப்படி வாழைப்பழம் கொடுப்பதன் பலனை அளக்க வினாப்படிவம் போதாது. சிறுநீரில் சோடியம்–பொட்டாசிய விகிதத்தைப் பார்க்க வேண்டும்; உயரம், எடை இரண்டையும் கணக்கில் கொள்ள வேண்டும்; அழுத்தத்தை வெவ்வேறு நாட்களில் அளக்க வேண்டும். அழுத்தமானியின் கைப்பட்டை அந்தந்தப் பிள்ளையின் கைக்குப் பொருந்துவதாக இருக்க வேண்டும். பெரியவர்களுக்கான பட்டை மெலிந்த கையில் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டும். சிறிய பட்டை பருத்த கையில் கூட்டிக் காட்டும். நாம் தேடும் மாற்றமே இரண்டு மூன்று மி.மீ.தான்; பட்டையால் வரும் பிழை ஒன்றே அதை மறைத்துவிடும்.