ஆலம்பரைக் கோட்டையில் ஒரு ஃபராயிள் பாடம்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் சென்று, அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பினால் கடப்பாக்கம் வரும். அவ்வூரிலிருந்து கடலை நோக்கிப் பிரியும் சிறு சாலையின் முடிவில் இருக்கிறது ஆலம்பரைக் கோட்டை. சென்ற அரையாண்டு விடுமுறையில், எங்கள் மதரஸாவின் மூத்த வகுப்பு மாணவர் பன்னிருவரை அழைத்துக்கொண்டு அங்கே சென்றோம். பூமியில் பயணம் செய்து, முன் சென்றோரின் முடிவைப் பார்க்குமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் நம்மை அழைக்கிறது. நாமோ விடுமுறை என்றால் ஊட்டிக்குப் போகிறோம். எங்களையும் சேர்த்தே சொல்கிறோம். இவ்வட்டாரத்தில் இத்தனை ஆண்டுகள் ஓதிக்கொடுத்தும் இதுவே எங்கள் முதல் பயணம்.

கோட்டை என்றதும் பிள்ளைகள் செஞ்சியை எதிர்பார்த்திருந்தனர். இங்கே மலையும் இல்லை, கருங்கல் மதிலும் இல்லை. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய சுவர்கள் பாதி இடிந்தும், பாதி மணலில் புதைந்தும் கிடக்கின்றன. அவற்றுக்கு அப்பால் உப்பங்கழி. கழிக்கு அப்பால் ஒரு மணல் திட்டு. அதற்கும் அப்பால் கடல். 2004 ஆழிப்பேரலையும் தன் பங்குக்குச் சிதைத்துவிட்டுப் போயிருக்கிறது. சுவரில் கை வைத்துப் பார்த்த மாணவர் ஒருவர் கேட்டார்: “ஹஜ்ரத், இது நம்ம ஆளுங்க கட்டுன கோட்டையா?”

ஆம் என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். பிள்ளைகள் எதிர்பார்த்ததும் அதுதான். ஆனால் அந்த ஒரு சொல் போதாது.

இந்த நிலப்பகுதிக்கு இடைக்கழிநாடு என்று பெயர்; பேரூராட்சியின் பெயரும் இன்றுவரை அதுவே. சிறுபாணாற்றுப்படையைப் பாடிய புலவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். அவர் பாடிய நல்லியக்கோடனின் கிடங்கில், நம் திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கல்தான். எனவே நவாபுகளுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இக்கரையில் ஊரும் உண்டு, தமிழும் உண்டு. இன்று நாம் காணும் கோட்டை, ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலீ கானின் ஆட்சியில், 1736க்கும் 1740க்கும் இடையே கட்டப்பட்டதாகச் சொல்வர். சரிகைத் துணி, உப்பு, நெய் ஆகியவை இத்துறையிலிருந்து கப்பலேறின. இங்கே ஒரு நாணயச்சாலையும் இருந்தது. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் அதைப் பற்றிய செய்திகள் வருகின்றன.

நாணயத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் கடக்க மனமில்லை. 1736இல் புதுச்சேரி ஆளுநர் துய்மா, தோஸ்த் அலீ கானிடம் ரூபாய் அச்சடிக்கும் உரிமையைப் பெற்றார். அதன்பின் பிரெஞ்சுக்காரர் தம் ரூபாயில் தில்லி பாதுஷாவின் பெயரைப் பொறித்து, அடையாளமாகப் பிறையையும் இட்டனர். பிறையைப் பார்த்ததும் நம்முடையது என்று உரிமை கொண்டாடுவோருக்கு அந்தக் காசைக் காட்டலாம்.

1740 மே மாதம், தாமல்செருவுக் கணவாயில் மராட்டியருடன் நடந்த போரில் தோஸ்த் அலீ கானும் அவர் மகனும் மடிந்தனர். அவருடைய மனைவியும் குடும்பத்துப் பெண்டிரும் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்தனர். மராட்டியர் மிரட்டியும் துய்மா அவர்களை ஒப்படைக்கவில்லை. அந்தச் செயலின் மேன்மையை மறைப்பது நன்றி கெட்ட தன்மையாகும்.

கோட்டை கைமாறிய கதை இதற்குப் பிறகே. 1748இல் ஹைதராபாத் நிஜாமுல் முல்க் மறைந்தார். அவருடைய இரண்டாம் மகன் நாஸிர் ஜங் பதவியில் அமர்ந்தார். மகள் வயிற்றுப் பேரனான முஸஃப்பர் ஜங், பாட்டனார் தன்னையே வாரிசாக நியமித்தார் என்று கிளம்பினார். நம் உறவுமுறையில் சொன்னால், தாய்மாமனுக்கும் மருமகனுக்கும் இடையே சண்டை. ஒருவருக்கு ஆங்கிலேயர் துணை. மற்றவருக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. 1750 டிசம்பரில், நம் செஞ்சிக்கு அருகே, நாஸிர் ஜங் தம் பக்கத்துப் பட்டாணிய நவாப் ஒருவராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அதுவரை மாமனின் முகாமில் கைதியாக இருந்த மருமகன், அன்றே தக்காணத்தின் சுபேதார் ஆனார். செய்த உதவிக்குக் கைம்மாறாக டூப்ளேக்கு அவர் அள்ளிக் கொடுத்தவற்றுள் ஆலம்பரையும் ஒன்று. 1751 பிப்ரவரியில் அவரும் கொல்லப்பட்டார். சதிக்குத் துணைநின்ற அதே பட்டாணிய நவாபுகள் அவருக்கு எதிராகவும் திரும்பியிருந்தனர். பதவி சுகம் இரண்டு மாதம். 1760 ஜனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுக்காரர் தோற்றனர். அவ்வாண்டே ஆங்கிலேயர் ஆலம்பரையைப் பிடித்து இடித்தனர்.

செஞ்சி என்றதும் ஒரு மாணவர் தேசிங்கு ராஜாவை நினைவூட்டினார். 1714இல் ஆற்காட்டு நவாப் சஆதத்துல்லாஹ் கானின் படையை எதிர்த்து மாண்டவர் தேசிங்கு. அவருக்காகத் தன் திருமணத்தை விட்டு வந்து உடன் உயிர்நீத்த தோழர் மஹ்மத் கான் என்று நாட்டுப்பாடல் பாடுகிறது. அப்படியானால் அன்றைய போர்க்களத்தில் நம்ம ஆளு யார் என்று கேட்டோம். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர்.

அஸர் தொழுகைக்குப் பின் கழிக்கரை மணலில் அமர்ந்தோம். இவ்வாண்டு அவர்களுக்கு ஃபராயிள், அதாவது வாரிசுரிமைச் சட்டம், பாடமாக இருக்கிறது. ஒரு குச்சியைக் கொடுத்து, நிஜாமின் சொத்தைப் பங்கிடுங்கள் என்றோம். மணலில் கட்டம் போட்டார்கள். மகன்கள் இருக்கையில் மகள் வயிற்றுப் பேரனுக்குப் பங்கில்லை என்று உடனே சொல்லிவிட்டனர். மகளுக்கு உண்டு, மகனுக்குரியதில் பாதி. நாம் ஊர்களில் பேரனுக்காகச் சண்டையிடுகிறோம். மகளின் பங்கையோ சீர் செய்தாயிற்று என்று சொல்லி விழுங்கிவிடுகிறோம். இதை அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தபோதே, பின்வரிசையிலிருந்து ஒருவர் மடக்கினார்.

“பாட்டனார் வஸிய்யத் செஞ்சிருந்தா, ஹஜ்ரத்?”

வாரிசல்லாதவருக்கு மரண சாசனத்தால் மூன்றில் ஒரு பங்கு வரை கொடுக்கலாம், சரியான கேள்வியே. ஆனால் தக்காணம் நிஜாமின் சொந்தச் சொத்தா? அவர் தில்லி பாதுஷாவின் சுபேதார். அது பொறுப்பு, வீட்டு மனையோ தென்னந்தோப்போ அன்று. பங்கிடவும் இயலாது, வஸிய்யத் செய்யவும் இயலாது.

அவர் சிறிது நேரம் மணல் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அப்போ முஸஃப்பர் ஜங் இந்தக் கோட்டையை டூப்ளேக்குக் கொடுத்தாரே, அந்த ஹிபா செல்லுமா?” என்றார். அன்பளிப்புச் செல்லுபடியாகக் கொடுப்பவர் அப்பொருளின் உரிமையாளராக இருக்கவேண்டும் என்பதை முந்திய வாரம்தான் நடத்தியிருந்தோம். விடையை அவரிடமே விட்டோம். அதற்குள் வேன் ஓட்டுநர் ஹாரன் அடித்துவிட்டார். மஃக்ரிபுக்குள் மரக்காணம் பள்ளிவாசலை அடையவேண்டியிருந்தது.