டக்ட்டுக்குள் போன டாலர்கள்

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 1914-இல் ஒரு மாளிகை எழுந்தது. கட்டியவர் சார்லஸ் கேட்ஸ். முள்கம்பி வியாபாரத்தில் கோடிகளைக் குவித்த ஜான் கேட்ஸின் மகன். அந்த வீட்டுக்காக கேரியர் நிறுவனம் செய்து கொடுத்த குளிரூட்டும் இயந்திரத்தின் உயரம் 7 அடி, அகலம் 6 அடி, நீளம் 20 அடி. குடியிருக்கும் வீட்டுக்கென்று வைத்த முதல் ஏசி இதுதான் என்று சொல்வார்கள். வைத்தவருக்குத்தான் அதன் காற்றில் உட்கார்ந்து பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. வேலை முடியும் முன்பே, 1913-இல், கேட்ஸ் இறந்துபோனார். 1933-இல் மாளிகையையும் இடித்துத் தள்ளிவிட்டார்கள்.

அதுவரை ஏசி என்பது பெரும்பாலும் சரக்குக்கான வசதி. வில்லிஸ் கேரியர் 1902-இல் புரூக்ளினில் முதலில் குளிர்வித்தது ஓர் அச்சகத்தை. ஈரத்தில் காகிதம் சுருங்கி விரிந்து, வண்ணங்கள் இடம் மாறி விழுந்துகொண்டிருந்ததுதான் அங்கே பிரச்சினை. 1925-இல் நியூயார்க்கின் ரிவோலி தியேட்டருக்கு ஏசி வந்தது. டிக்கெட் காசில் அந்தச் செலவை எடுத்துவிடலாம். வீட்டில் யார் டிக்கெட் வாங்குவார்கள்? போதாக்குறைக்கு, அன்றைய இயந்திரங்களுக்குள் ஓடியவை அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு போன்றவை. கசிந்தால் உயிருக்கே ஆபத்து. 1930-இல் ஃப்ரியான் வந்து அந்தப் பயத்தைப் போக்கியது. விலை மட்டும் இறங்கவில்லை.

விலையை இறக்க முதலில் கைகொடுத்தது குளிர்காலம்தான். வடக்கு மாநிலங்களில் பல வீடுகளின் நிலவறையில் ஏற்கெனவே ஃபர்னஸ் இருந்தது. அதன் சூடான காற்றை மின்விசிறி ஒன்று ‘டக்ட்’ எனப்படும் தகரக் குழாய்கள் வழியாக ஒவ்வொரு அறைக்கும் தள்ளும். அதே ஃபர்னஸின் தலைமேல் ஒரு குளிர்ச் சுருளை உட்காரவைத்துவிட்டால், கோடையில் அதே விசிறி, அதே குழாய், அதே கிரில். தகரத்தை வெட்டி, விளிம்பை மடித்து, மூட்டுக்கு மூட்டு தட்டி இணைக்கிற கூலி முழுதும் மிச்சம். பாஸ்டன் பக்கத்துப் பழைய வீடுகளில் இந்த வித்தை பலிக்காது. அங்கே சூடு வருவது வெந்நீர் ரேடியேட்டரில். குழாய் கொண்டுபோக அலமாரியை உடைக்க வேண்டும், சுவரைத் திறக்க வேண்டும், பிறகு பூசி வண்ணம் அடிக்க வேண்டும். குழாய் உள்ள வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் அன்று இருந்த இந்தச் செலவு வித்தியாசம் இன்றும் இருக்கிறது.

1953-இல் ஜன்னல் ஏசி ஒரே ஆண்டில் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. அதை ஃபிரிட்ஜ் வாங்குவதுபோல் கடையில் வாங்கிவரலாம். டக்ட் ஏசிக்கு பில்டர் மனது வைக்க வேண்டும். நடுத்தரக் குடும்பத்தால் அந்தச் செலவைத் தாங்க முடியுமா என்று பார்க்க, 1954-இல் டெக்ஸஸின் ஆஸ்டின் நகரில் அமெரிக்க வீடு கட்டுவோர் சங்கம் ஒரு சோதனைக் குடியிருப்பே அமைத்தது. மொத்தம் 22 வீடுகள், பல நிறுவனங்களின் இயந்திரங்கள். டெக்ஸஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கரண்ட் செலவைக் குறித்தார்கள். அதோடு விடாமல், குடும்பங்கள் எப்படித் தூங்குகின்றன, எப்படிச் சாப்பிடுகின்றன என்றும் கேட்டார்கள். பல வீடுகளில் வெளிர் நிறக் கூரை, அகன்ற இறவாரம், வெப்பத்தடுப்பு என்று வெயிலை வாசலிலேயே நிறுத்த வழி செய்திருந்தார்கள்.

நல்ல பாடம்தான். ஆனால் பில்டர்கள் பலர் படித்தது வேறு. ஏசி வைத்தால் எதையெல்லாம் வெட்டலாம் என்று கணக்குப் போட்டார்கள். எதிரெதிர் ஜன்னல் எதற்கு, திண்ணை போன்ற முன்தாழ்வாரம் எதற்கு, உயரமான கூரை எதற்கு, பரண் விசிறி எதற்கு? இவற்றில் மிச்சம் பிடித்த பணத்தைக் காட்டித்தான் ஏசியைக் கட்டுப்படியாகும் விலைக்குள் கொண்டுவந்தார்கள். இயந்திரம் மலிவானது பாதி உண்மை. மீதிச் செலவை வீடே ஏற்றுக்கொண்டது. கரண்ட் போனால் உள்ளே உட்கார முடியாத வீடு அப்படிப் பிறந்ததுதான்.

1957-இல் மத்திய அரசின் வீட்டுக்கடன் காப்பீட்டு அமைப்பு, டக்ட் ஏசியின் விலையையும் கடனோடு சேர்த்துக்கொள்ள அனுமதித்தது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏசிக்கு 1,000 டாலர், வட்டி 5 சதவீதம், தவணை 30 ஆண்டு என்று வைத்துக்கொண்டால், மாதத்துக்கு ஐந்தரை டாலர்கூட வராது. யாருக்கும் உறைக்காது. கட்டி முடிக்கும்போது போயிருப்பது 1,930 டாலருக்கு மேல். இயந்திரத்தின் ஆயுளோ சுமார் 15 ஆண்டு. பழையதைத் தூக்கிப் போட்டுப் புதியதை வைத்த பிறகும் பழையதற்கான தவணை ஓடிக்கொண்டிருக்கும். 1960-இல் ஏதாவது ஒரு வகை ஏசி இருந்த அமெரிக்க வீடுகள் 12 சதவீதம் அளவுதான். 1980-இல் அது பாதியைத் தாண்டியது. 2020 கணக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு வீடுகளில் வீடு முழுமைக்குமான ஏசி.

கண்ணில் படாத செலவு இன்னொன்று உண்டு. நிலவறை இல்லாத தெற்கத்தி வீடுகளில் குழாய் போக இருந்த ஒரே இடம் பரண். கோடையில் பரணின் சூடு 50 டிகிரியைத் தாண்டும். அந்த உலைக்குள் குளிர்காற்றை அனுப்பினார்கள், அதுவும் ஓட்டைக் குழாயில். ஒரு சராசரி அமெரிக்க வீட்டில் குழாயில் போகும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் வழியிலேயே வீணாகிறது என்பது அரசின் எரிசக்தித் திட்டமே சொல்லும் கணக்கு. 1998-இல் பெர்க்லி ஆய்வகத்தில் குழாய் மூட்டை அடைக்கும் பொருட்களைச் சூட்டிலும் குளிரிலும் வைத்துச் சோதித்தார்கள். மற்றவை தாக்குப்பிடிக்க, படுதோல்வி அடைந்தது ‘டக்ட் டேப்’ என்றே பெயர் வைத்திருக்கும் துணி டேப். தூரிகையால் தடவும் மாஸ்டிக் பசை நன்றாக நின்றது.

நம் ஊர் வில்லாக்களிலும் இப்போது டக்ட் ஏசி கேட்கிறார்கள். இங்கே குழாயை மறைப்பது ஃபால்ஸ் சீலிங். கொட்டேஷனில் டன்னையும் பிராண்டையும் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். மூட்டுகளை எதைக் கொண்டு அடைக்கிறார்கள் என்று கேளுங்கள். சீலிங்கை மூடும் முன் கசிவுச் சோதனை செய்து காட்டச் சொல்லுங்கள். மூடிய பிறகு கேட்டால், சீலிங்கைப் பிரித்து மறுபடி போடுகிற கூலியையும் நீங்கள்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.