மூட்டைச் சுமையும் முட்டி வலியும்

சென்னையில் 1861இல் இரும்புத் தூண்கள் மீது கடல்பாலம் எழும்வரை, கப்பல்கள் கரைக்கு வெகுதொலைவில் நங்கூரமிட, கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே சரக்கைக் கரைசேர்த்தன. கரைசேர்ந்தபின் கால் புதையும் மணலில் மூட்டை சுமந்தவர்கள் கூலிகளே. 1881ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்த துறைமுகம் மீண்டும் எழுந்த பின்னும் தலைச்சுமை ஒழியவில்லை.

அந்தச் சுமை முட்டியையும் வாட்டும். எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு தேய்ந்து முட்டி வலிப்பதைச் சித்த மருத்துவம் அழல் கீல்வாயு என்கிறது. நொச்சி இலையை எண்ணெயில் வதக்கித் துணியில் முடிந்து, கை பொறுக்கும் சூட்டில் ஒற்றி ஒற்றி எடுக்கும் ஒத்தடம் தசையிறுக்கத்தைத் தளர்த்தி வலியைத் தணிக்குமே தவிர, தேய்ந்ததை வளர்க்காது.

ஒத்தடத்துக்கு அப்பால் மருத்துவமனையும் இருந்தது: 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் தோன்றிய மணியக்காரர் சத்திரத்தின் கஞ்சித்தொட்டியில் வேர்கொண்டு, 1938இல் மருத்துவக் கல்லூரியாக உயர்ந்தது ஸ்டான்லி மருத்துவமனை. கஞ்சித்தொட்டி என்ற பழைய பெயர் வடசென்னையின் நாவில் நெடுங்காலம் ஒட்டியிருந்தது. முட்டி வலிக்கு இன்றைய பிசியோதெரபி தொடைத்தசைப் பயிற்சியையே முன்வைக்கிறது: நாற்காலியில் அமர்ந்து காலை நேராக நீட்டி, சில நொடி நிறுத்தி, மெல்ல இறக்குதல். பருத்த உடலில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டியின் மீதான பாரம் ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. மூட்டை சுமந்தவர்களுக்கு இக்கணக்கு தலைகீழாக நடந்திருக்கும்.