இந்தியன் கிராண்ட் பிரீ

இந்தியன் கிராண்ட் பிரீ என்பது 2011 முதல் 2013 வரை மூன்று முறை மட்டுமே நடைபெற்ற பார்முலா 1 கார் பந்தயம் ஆகும். உத்தரப் பிரதேசத்தின் கிரேட்டர் நொய்டாவில் ஜேபி குழுமம் அமைத்த புத்த பன்னாட்டு ஓடுகளத்தில் இது நடந்தது. 5.125 கி.மீ. நீளமுள்ள இத்தடத்தை வடிவமைத்தவர் ஜெர்மனியின் எர்மான் டில்கே. போட்டி 60 சுற்றுகளைக் கொண்டது.

இந்தியாவுக்குக் கார் பந்தயம் புதிதன்று. சென்னைக்கு அருகேயுள்ள சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையில் பல்லாண்டுகள் பந்தயங்கள் நடந்தன. பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் அமைந்தது. பார்முலா 1 வரை சென்ற முதல் இரு இந்தியர்களான நரேன் கார்த்திகேயன் (2005), கருண் சந்தோக் (2010) இருவரும் தமிழ்நாட்டவர் என்பது தற்செயல் அல்ல.

முதல் போட்டி 2011 அக்டோபர் 30 அன்று நடந்தது. வெள்ளிக்கிழமைப் பயிற்சியின்போது நாய் ஒன்று தடத்துக்குள் புகுந்துவிட, பல கோடி ரூபாய் கார்கள் அதற்காகக் காத்து நின்றன. அம்மாதத்தில் பந்தய விபத்துகளில் இறந்த டான் வெல்டன், மார்கோ சிமோன்செல்லி ஆகியோருக்குப் போட்டிக்கு முன் அஞ்சலி செலுத்தப்பட்டது. ரெட்புல் அணியின் செபாஸ்டியன் வெட்டல் முதலிடத்தில் புறப்பட்டு, 60 சுற்றுகளிலும் முன்னிலை வகித்து வென்றார். ஜென்சன் பட்டன் இரண்டாமிடமும் பெர்னாண்டோ அலோன்சோ மூன்றாமிடமும் பெற்றனர்.

சொந்த நாட்டுப் போட்டியில் ஓடிய ஒரே இந்தியர் நரேன். வேகம் குறைந்த எச்.ஆர்.டி. காரில் 17ஆவதாக முடித்த அவர், அணித் தோழர் டேனியல் ரிக்கார்டோவை முந்தினார். பின்னாளில் பல கிராண்ட் பிரீக்களை வென்றவர் ரிக்கார்டோ என்பதால் இந்த 17ஆம் இடத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. கருண் சந்தோக்குக்கு லோட்டஸ் அணியில் வெள்ளிக்கிழமைப் பயிற்சி மட்டுமே வாய்த்தது. பந்தய இருக்கை கிடைக்கவில்லை.

2012இலும் 2013இலும் வென்றவர் வெட்டலே. ஆக, இப்பந்தயத்தின் வெற்றியாளர் பட்டியலில் ஒரே பெயர்தான் உண்டு. 2013 வெற்றியுடன் தொடர்ந்து நான்காம் முறை உலகப் பட்டம் அவர் வசமானது. மகிழ்ச்சியில் பார்வையாளர் அரங்கின் முன் காரை வட்டமிட்டுச் சுழற்றியவர், இறங்கி அதன்முன் மண்டியிட்டு வணங்கினார். விதியை மீறியதற்காக அணிக்கு 25,000 யூரோ அபராதம் விதிக்கப்பட்டது.

பந்தயத்தை முடக்கியது வரிச் சிக்கல். மாநில அரசு இதை விளையாட்டாக ஏற்காமல் கேளிக்கையாகக் கருதி வரி கேட்டது. அணிகள் கொண்டுவந்த கார்கள், உதிரிபாகங்களுக்கான சுங்க வரியும் தொல்லையானது. 2014 அட்டவணையிலிருந்து நீக்கப்பட்ட போட்டி, திரும்பும் என்று சொல்லப்பட்டும் திரும்பவில்லை. பார்முலா 1 நிறுவனம் இங்கு ஈட்டிய வருவாய்க்கு இந்தியாவில் வரி செலுத்த வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது.

ஓடுகளம் இன்றும் உள்ளது. 2023 செப்டம்பரில் அங்கு மோட்டோ ஜிபி இருசக்கர வாகனப் பந்தயம் நடந்தது. இத்தாலியின் மார்கோ பெட்செக்கி வென்றார்.